உன் அத்தியாயத்தில் என் பெயர்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு வேலை ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். தோள்வலி குறைந்ததா? எனக்குக் கண்ணாடி பவர் கூடிவிட்டது, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன், மற்றபடி நலம்தான்.

சரி, நீ கேட்ட விஷயம். டாக்புக்கில் (நூல், கையேடு எழுதப் பயன்படும் குறிமொழி) எழுதிய கையேட்டை வலைப்பக்கங்களாக மாற்றும்போது ஒவ்வொரு பக்கத்திலும் வாசகருக்குக் காட்டப்படாத ஹெட் பகுதியில் எழுதியவர் பெயர் மெட்டா டேக்காக (பக்கத்தைப் பற்றிய தகவல் சொல்லும் குறி) வரவேண்டும், எப்படி என்று கேட்டிருந்தாய். இதை நான் எப்போதோ செய்து முடித்தவன் என்ற தெம்பில், உனக்கு எழுதுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம் என்று நாம் சேர்ந்து எழுதினோமே அந்தப் பழைய கையேடு, அதன் பக்கங்களைத் திறந்து வியூ சோர்ஸில் மூலக் குறியீட்டைப் பார்த்தேன். நீ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய நான்காம் அத்தியாயம், அதன் எல்லாப் பக்கங்களிலும் ஆசிரியர் என்று என் பெயர்! மற்ற அத்தியாயங்களிலும் அதே கதைதான். ஹெட்டுக்குள் இருப்பது யார் கண்ணிலும் படாது என்பதால் இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

தப்பு எங்கே என்று தேடியதில் இரண்டு அடைப்புக்குறிகள் சிக்கின. ஆவணத்துக்குள் ஓர் இடத்துக்குப் பாதை சொல்லும் எக்ஸ்பாத்தில் ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப் என்ற அச்சு (தேடும் திசை) தன்னிலிருந்து தொடங்கி மேலே மேலே ஏறிப்போகும் அல்லவா, அதில் இன்ஃபோ என்ற தகவல் பகுதிக்குள் ஆத்தர், அதாவது ஆசிரியர் விவரம், வைத்திருக்கும் உறுப்பை (பிரிவு, அத்தியாயம், புத்தகம்) தேடி, பின்னால் சதுர அடைப்புக்குள் 1 என்று போட்டால் மிக அருகில் இருப்பது கிடைக்கும். பிரிவுக்கென்று ஆசிரியர் இல்லையென்றால் அத்தியாயத்தின் ஆசிரியர், அங்கும் இல்லையென்றால் புத்தகத்தின் ஆசிரியர். நமக்கு வேண்டியதும் அதுதான். நான் என்ன செய்தேன் என்றால், அடைப்புக்குறி போட்டால் பத்திரம் என்ற பழக்கதோஷத்தில் முழுப் பாதையையும் வளைவு அடைப்புக்குள் வைத்து அதற்கு வெளியே அந்த 1 ஐப் போட்டுவிட்டேன். அப்படிப் போட்டால் எண்ணிக்கை ஆவண வரிசைக்கு, அதாவது மேலிருந்து கீழாக, மாறிவிடும், முதலாவதாக நிற்பது எப்போதும் வெளியே இருக்கும் புத்தகம்தான், புத்தகத்தின் இன்ஃபோவில் தொகுத்தவன் என்ற முறையில் ஆத்தராக இருந்ததோ நான். பிழைச்செய்தி எதுவும் வராது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஏமாந்தேன்.

மற்றதெல்லாம் சுலபம். வலைப்பக்கமாக மாற்றும் விதிகளைக் கொண்டு டாக்புக்கோடு வரும் ஸ்டைல்ஷீட் கோப்பையே நீ திருத்தப் போவதாக எழுதியிருந்தாய், தயவுசெய்து அதில் கை வைக்காதே, அடுத்த பதிப்பை நிறுவிய அன்றைக்கு உன் திருத்தம் காணாமல் போய்விடும். தனியாக ஒரு கோப்பு வைத்து, அதில் முதல் வேலையாக மூல ஸ்டைல்ஷீட்டை இம்போர்ட் செய்துகொள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இம்போர்ட் வரவேண்டும் என்பது விதி. ஒரே பெயரில் இரண்டு டெம்ப்ளேட் (ஸ்டைல்ஷீட்டில் உள்ள மாற்றும் விதி) இருந்தால் இம்போர்ட் செய்யும் கோப்பில் இருப்பதே ஜெயிக்கும். நீ எழுதவேண்டியது யூசர்.ஹெட்.கன்டென்ட் என்ற டெம்ப்ளேட் மட்டும். மூலத்தில் அதை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள், நாம் நிரப்பிக்கொள்ளத்தான். அவசரத்தில் ஹெட்.கன்டென்ட் என்பதில் எழுதிவிடாதே, பக்கத் தலைப்பும், பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

பெயரை எடுக்கும் இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. எழுத்தை எடுத்துத் தரும் வேல்யூ-ஆஃப் கட்டளையைப் போட்டு ஆத்தரைக் கொடுத்தால், அந்த உறுப்புக்குள் இருக்கும் எழுத்து முழுவதையும் ஒட்டித் தந்துவிடும், பெயரோடு வேலை செய்யும் இடம், மின்னஞ்சல் முகவரி எல்லாம். ஒருவருடைய முகவரியை அவரைக் கேட்காமல் வலையில் போட்ட பாவம் நமக்கு வேண்டாம். அதற்குப் பதில் பர்சன்.நேம் என்று ஒரு டெம்ப்ளேட் தயாராக இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் பெயரை மட்டும் கோத்துக் கொடுக்கும். அப்புறம், ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 இல் வேல்யூ-ஆஃப் முதல் ஆளோடு நின்றுவிடும், மூன்று பேர் சேர்ந்து எழுதிய அத்தியாயத்தில் இரண்டு பேர் அம்போ. ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபார்-ஈச் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டா டேக் போடு. காற்புள்ளி வைத்து ஒரே வரியில் எல்லாரையும் அடைக்கலாமே என்று கேட்டிருந்தாய். எச்டிஎம்எல் தரவரையறையில் ஆத்தர் என்பதற்கு, பக்கத்தின் ஆசிரியர்களில் ஒருவரின் பெயர் என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே ஆளுக்கு ஒன்று. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலருக்கான சைட்டேஷன் ஆத்தர் டேக்கிலும் அதே வழக்கம்தான். இப்படிப்பட்ட தகவல் குறிகளுக்கான டப்ளின் கோர் தரத்தின் கிரியேட்டர் டேக்கும் வேண்டும் என்றால் அதே சுற்றுக்குள் இன்னொரு வரி, அவ்வளவுதான். (அந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் ஊர், 1995 இல் அங்கே கூடிப் பேசியதில் பிறந்த பெயர். நானே ரொம்ப நாள் அயர்லாந்து என்றுதான் நினைத்திருந்தேன்.)

உன் கோப்புகள் டாக்புக் 5 என்றால் நேம்ஸ்பேஸை (உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) மறக்காதே. நேம்ஸ்பேஸ் உள்ள ஸ்டைல்ஷீட் தொகுப்பைப் பயன்படுத்தினால், பாதையில் ஒவ்வொரு உறுப்பின் பெயருக்கு முன்னாலும் முன்னொட்டு வேண்டும், விட்டுவிட்டால் ஒன்றும் பொருந்தாது, ஒன்றும் வராது, ஏன் என்றும் சொல்லாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துத் திருப்திப்படாதே, நான் அன்று அதைத்தான் செய்தேன், திறந்ததும் நான் எழுதிய அத்தியாயத்தை. எல்லாப் பக்கங்களிலும் ஆத்தர் வரியை, கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையால் எடுத்து, கோப்புப் பெயரோடு வரிசையாக வைத்துப் பார். எல்லா வரியிலும் ஒரே ஆள் இருந்தால் சந்தேகப்படு.

நம் கையேட்டை நேற்று சரிசெய்து மறுபடி உருவாக்கிவிட்டேன், நான்காம் அத்தியாயம் இப்போது உன் பெயரில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நீதான் சொல்லவேண்டும். அத்தியாயத்தின் இன்ஃபோவில் சேதுராமன் என்றும் முன்னுரையில் வெறும் சேது என்றும் இருக்கிறது. எது இருக்கட்டும்?

அன்புடன்,
ரகு