மெஷூலமின் வேலை 1964-இல் முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் அறிவியல் பக்கத்தில், கஞ்சாவின் வேதியியலை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெஷூலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போலீஸ் பிடித்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷை (கஞ்சாப் பிசினை) ஆராய்ச்சிக்கு வாங்கி அவர் பஸ்ஸில் கொண்டுபோன கதைக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. சுவையான கதைதான். மருந்தியல் வகுப்பில் கடைசி பெஞ்சை எழுப்ப நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கதை அதோடு நின்றுவிடவில்லை.

அபினியிலிருந்து மார்ஃபின் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிந்து வந்துவிட்டது. கஞ்சா மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதன் சாறு, ஒன்றையொன்று ஒத்த பல சேர்மங்கள் கலந்த பிசின். 1964-இல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் அதிலிருந்து போதை தரும் சேர்மமான டி.எச்.சி.யைத் தனியே எடுத்தார்கள். குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவற்றை மயக்கியது அது ஒன்றுதான். முந்தைய ஆண்டு மெஷூலம் வேதி அமைப்பைக் கண்டறிந்த சி.பி.டி. என்ற இன்னொரு கஞ்சாச் சேர்மம் போதை தருவதில்லை.

அந்த சி.பி.டி. விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். பிரேசிலில் ஆய்வாளர் கார்லினியின் குழுவோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1980-இல் வெளியானது. வழக்கமான மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் 15 பேர். அந்த மருந்தோடு சேர்த்து 8 பேருக்குத் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் சி.பி.டி., மற்றவர்களுக்கு வெற்று மருந்து. எட்டில் நால்வருக்கு வலிப்பு கிட்டத்தட்ட நின்றே போனது, மூவருக்கு ஓரளவு குறைந்தது. சின்ன ஆய்வு, அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சரி, பெரிதாகச் செய்து பார்த்திருக்கலாமே? அமெரிக்காவில் இரு அரிய வகை வலிப்புகளுக்கு சி.பி.டி. மருந்து அனுமதி பெற 2018 ஆகிவிட்டது. கஞ்சா என்ற பெயரைக் கேட்டதுமே பணம் போடுபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

மூளை ஆராய்ச்சியைக் கட்டுரை தொடவே இல்லை. டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பி (பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்) மூளையில் இருப்பதை 1988-இல் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டெவேனும் காட்டினார்கள். ஒரு செடிக்காகவா மூளை ஏற்பி வைத்திருக்கும்? டெவேன் ஜெருசலேமுக்கு வந்து மெஷூலமோடு சேர்ந்தார். 1992-இல் பன்றி மூளையிலிருந்து, அதே ஏற்பியில் ஒட்டும், மூளையே தயாரிக்கும் ஆனந்தமைடு என்ற பொருள் கிடைத்தது. இந்த வகைப் பொருள்களைக் கொண்டுதான் செய்தி வாங்கும் நரம்பணு, அனுப்பும் நரம்பணுவிடம் "போதும்" என்று திருப்பிச் சொல்கிறது. அது 2001-இல் தெரியவந்தது. அவருடைய பெரிய சாதனை என்று நான் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

அப்புறம், 'சி.பி.டி. எண்ணெய் சர்வரோக நிவாரணி' என்ற அந்தப் பெட்டிச் செய்தி. சி.பி.டி. கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். வலிப்புள்ள குழந்தையின் பெற்றோர் அந்தச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் வலிப்பு நிற்காமலே வரலாம். அடுத்த இதழிலேயே, அதே அளவு எழுத்தில், திருத்தம் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்