அக்காவுக்கு, அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி

அக்கா,

உனக்கு அனுப்புறதெல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது. அதனாலதான் இப்படி ஊர் பார்க்க எழுதுறேன். நீ படிக்கலைன்னாலும் சித்தி பொண்ணு படிச்சுட்டு உனக்கு போன் போட்டுடுவா. சித்தப்பா, நீங்களும் படிப்பீங்கன்னு தெரியும். உங்களைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை.

தலைத்திவசத்துக்கு வர்றேன். நீ சொன்ன மாதிரி திருச்சியில, அம்மா மண்டபத்துலயே வெச்சுக்கலாம். பெங்களூர்ல நம்ம அல்சூர் வீட்லதான் செய்யணும்னு பிடிச்ச பிடிவாதத்தை விட்டுட்டேன். இங்கே குழாயைத் திறந்தா வர்றதும் காவிரித் தண்ணிதானேன்னு வாதாடலாம். வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியத்துல, பந்தி நடக்கும்போது நீ கேட்டியே: "அப்பா மூச்சு நின்னப்போ நீ தெருநாய்க்குச் சோறு வெச்சுட்டு இருந்தியாமே?" நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. அப்பாதான் அனுப்பினார்னு சொன்னேன்.

அப்பா அனுப்பலை.

"தம்பி, சுபேதாருக்குச் சோறு வெச்சியா?"ன்னு அவர் கேட்டது நிஜம்தான். ஆனா கேட்டது அதுக்கு மூணு நாள் முன்னாடி. அதுக்கப்புறம் அவர் பேசவே இல்லை. அந்தப் பேச்சை எடுத்து மூணு நாள் தள்ளி வெச்சது நான்.

அன்னைக்கு விடியக்காலம் அஞ்சே முக்கால் இருக்கும். தை மாசக் குளிர். கட்டில் பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கிட்டு இருக்கு. அப்பாவுக்கு மூச்சு ஏறும், ஏறும், அப்புறம் தணிஞ்சு நின்னுடும். நிக்கும்போது நான் எண்ணுவேன். பதினெட்டு. இருபத்திரண்டு. திரும்ப ஒரு இழுப்பு. கடைசியில மூச்சு இப்படி விட்டு விட்டுத்தான் வரும், பயப்படாதீங்கன்னு டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். இருபத்தாறு வரைக்கும் எண்ணினேன். வந்துடுச்சு. அடுத்ததை எண்ண என்னால ஆகலை. ஹோம் நர்ஸ் அக்காவை எழுப்பி, "நாய்க்குச் சோறு வெச்சுட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன்.

கேட்டுக்கு வெளியே சுபேதார் நின்னுது. அந்தப் பேர் ஏன்னு உனக்குத் தெரியாது; நீ வராத மூணு வருஷத்துல வந்து சேர்ந்த நாய் அது. இடது காதுல குடும்பக் கட்டுப்பாடு பண்ணினதுக்கு அடையாளமா ஒரு வெட்டு இருக்கும். அப்பா ராணுவத்துல, மெட்ராஸ் சாப்பர்ஸ்ல ஹவில்தாராவே ரிட்டயர் ஆனவர். "இருபத்திநாலு வருஷம் சுபேதார் சொன்னதை நான் கேட்டேன், இப்போ நான் சொல்றதை ஒரு சுபேதார் கேக்குது பாரு"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீ அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

ஏரிக் கம்பி வேலி வரைக்கும்தான் அதோட எல்லை. அதைத் தாண்டினா வேற கூட்டம், கடிச்சுக் குதறிடும். வேலி ஓரமா பாத்திரத்தை வெச்சேன். நாய்க்கெல்லாம் முன்கூட்டியே தெரியும்னு சொல்வாங்க. சுத்தப் பொய். அதுக்கு ஒண்ணும் தெரியலை. கோழிக்கால் போட்டு வேகவெச்ச சோத்தை எப்பவும் போல அள்ளி முழுங்கிட்டு, காலிப் பாத்திரத்தை மூக்கால முட்டி முட்டி சிமெண்டுல தள்ளிக்கிட்டே போச்சு. கரக், கரக். அந்தச் சத்தத்தை நான் எண்ண வேண்டியதில்லை. அது போதும்னு நின்னேன். முனையில இருக்கிற தூங்குமூஞ்சி மரம் இலையெல்லாம் மடக்கிக்கிட்டு இருந்துச்சு. தண்ணியில நட்ட கம்பத்து மேல ஒரு நீர்க்காகம் உக்காந்திருந்துச்சு. நாற்பது நிமிஷம். திரும்பினப்போ நர்ஸ் அக்கா வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க.

மன்னிச்சுடு. அவரை விட்டுட்டுப் போனதுக்கும், அவர் பேரைச் சொல்லித் தப்பிச்சதுக்கும். நர்ஸ் அக்காவை வாசல்ல பார்த்ததும் எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்லை, 'இனி எண்ண வேண்டாம்'னு ஒரு நிம்மதி. இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்லணும்னு இருந்தேன், நடக்கலை.

ஆனா நீ பந்தியில வெச்சுக் கேட்டிருக்கக் கூடாது. எட்டு மாசம் சளி எடுத்து, மூத்திரம் எடுத்து, ராத்திரி கரண்ட் போனா சிலிண்டர் மாத்தினவனை, வந்த ரெண்டாம் நாள் பீரோ சாவி கேட்டவ அப்படிக் கேட்கலாமா? அந்தச் சாவி விஷயத்தை இங்கே விரிக்கலை. யார் யாரோ படிப்பாங்க.

1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தப்போ எனக்கு ஆறு வயசு, உனக்குப் பன்னெண்டு. அப்பா எங்கேயோ போஸ்டிங்ல. அம்மா அருவாமணையோட கதவுக்குப் பின்னாடி நின்னா. நீ என்னைக் கட்டிலுக்கு அடியில இழுத்துப் போட்டு, ரெண்டு கையாலயும் என் காதைப் பொத்தினே. அன்னைக்கு உன் காதை யாரு பொத்தினா? முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் ஏரிக்கரையில வெச்ச வள்ளுவர் சிலையை மூடினவங்க திறந்தது 2009 ஆகஸ்ட் 9 அன்னைக்குத்தான். பதினெட்டு வருஷம். அப்பா கூட்டத்துல போய் நின்னு பார்த்துட்டு வந்து, "ஒண்ணும் ஆகலை, மூக்கு முழி எல்லாம் அப்படியே இருக்கு"ன்னார். நாம பேசாம இருக்கிறது ஒரு வருஷம்தானே.

சுபேதார் தினமும் விடியறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்ட வந்துடுது. அதனாலதான் நான் எழுந்தேன், இல்லைன்னா எழுந்திருக்க மாட்டேன். ஏரி வரைக்கும் நடப்போம், தூங்குமூஞ்சி இலை விரியுற வரைக்கும் நிப்போம். எத்தனை நாள் பார்த்தும் அது எந்த நேரத்துல விரியுதுன்னு கண்ணுக்குச் சிக்கலை. ஆரம்பத்துல கேட்டைத் திறந்ததும் அது என்னைப் பார்க்காது. எனக்குப் பின்னாடி, வாசப்படியைப் பார்க்கும். இன்னொருத்தர் வரணுமே. சித்திரையில ஒரு நாள் அப்படிப் பார்க்காமலே வாலாட்டிக்கிட்டு முன்னாடி நடந்துச்சு. அன்னைக்கு அது மேல எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பாத்திரத்தை அங்கேயே போட்டுட்டு வீட்டுக்கு வந்து அழுதேன், வருஷத்துல முதல் தடவையா.

ரயில் டிக்கெட் போட்டாச்சு. சுபேதாரை எதிர் வீட்டுப் பையன் பார்த்துக்கறேன்னான். எவ்வளவு சோறு, எவ்வளவு மஞ்சத்தூள்னு சொல்லிக் குடுத்திருக்கேன். திவசத்துல காக்காய்க்கு வெச்சது போக மீதியைப் படித்துறை நாய்க்கு வெச்சா, தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லாதே.

இன்னொண்ணு. அப்பாவோட கடைசி மூச்சு எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நர்ஸ் அக்காவுக்குத்தான் தெரியும். இதுவரைக்கும் நான் அவங்ககிட்ட கேட்கலை. காரியம் முடிஞ்சதும், நீ பக்கத்துல இருந்தா, போன் போட்டு ஸ்பீக்கர்ல வெக்கறேன்.

தம்பி