டிக்கெட் பணம் போய்விடுமே என்று விமானம் ஏறியவளின் மடல்

பயண விதிகளை எழுதுகிறவர்களுக்கு வணக்கம்.

சுகாதாரத் துறையோ, விமானப் போக்குவரத்துத் துறையோ, சுற்றுலாத் துறையோ, எந்த நாட்டில் எந்த நாற்காலியில் இருந்தாலும் சரி, அடுத்த பெருந்தொற்று வரும்போது 'வெளிநாட்டுக்குப் போகலாம்', 'போகக் கூடாது' என்று அறிவிக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று சொன்னதோடு இந்தப் பேச்சும் முடிந்துவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை. சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தி, 'பெருந்தொற்று அவசரநிலை' என்று புதிதாக ஒரு படியையும் சேர்த்து, 2025 செப்டம்பர் 19 முதல் அது பெரும்பாலான நாடுகளில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு நாடு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு, பிள்ளை லேசாக இருமும்போது, 'போகலாமா, வேண்டாமா' என்று ஒரு குடும்பம் திணறுகிற இரவு ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு இரவில் நான் தப்பான முடிவெடுத்தேன்.

2021. ஒரு வருஷம் தள்ளிப்போட்ட விடுமுறை அது. நானும் கணவரும் இரண்டு ஊசியும் போட்டிருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, அவள் வயதுக்கு அப்போது ஊசி வரவில்லை. நாங்கள் போகவிருந்தது ஒரு தீவுக்கு. அந்த நாடு திறந்திருந்தது, எங்கள் நாடும் தடுக்கவில்லை, கிளம்புவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். சோதனை நெகட்டிவ் என்று இருந்தால் போதும் என்பதுதான் விதி. மூன்று பேரும் எடுத்தோம், மூன்றும் நெகட்டிவ். காகிதத்தை உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். மறுநாள் மாலை மகள் தொண்டை கரகரக்கிறது என்றாள்.

உடனே முன்பதிவு செய்த ஏஜென்சிக்கு போன் போட்டேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். விமானம் கிளம்புகிறது, அந்த நாடு திறந்திருக்கிறது, உங்களிடம் நெகட்டிவ் சான்றிதழும் இருக்கிறது, அப்புறம் நீங்கள் வராமல் இருந்தால் அது உங்கள் சொந்த முடிவு மேடம், ரீஃபண்ட் வராது. இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் படித்தால், பெருந்தொற்று தொடர்பான எதற்கும் பொறுப்பில்லை என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. வாங்கும்போது நான் அந்தப் பக்கம் வரை போகவில்லை.

இரவு முழுக்க நானும் கணவரும் பேசினோம். இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எடுத்தால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். தெரிந்தால் போக முடியாது, போகாவிட்டால் ஒரு வருஷம் சேர்த்த பணம் அத்தனையும் போய்விடும். விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், 'கடந்த 14 நாட்களில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி உண்டா?' என்று. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மகளுக்கான படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் நான்தான் குறியிட்டேன்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் எனக்கு வாசனை தெரியவில்லை. சோதித்ததில் மூவருக்கும் பாசிட்டிவ். அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மூவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தேறி வந்துவிட்டோம். ஆனால் முதல் மூன்று நாளும் எங்கள் அறையைச் சுத்தம் செய்து, மகளோடு சிரித்துப் பேசி, அவளுக்குத் துண்டில் அன்னப் பறவை மடித்து வைத்த ஒரு பெண், அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. விசாரித்தபோது உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். எங்களிடமிருந்து போனதா, வேறு யாரிடமிருந்தாவது போனதா, எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தீவில் பெரிய மருத்துவமனை கிடையாது, முற்றினால் படகில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் கேட்கலாம், தப்பு செய்தது நீ, எங்களுக்கு ஏன் மடல் என்று. தப்பு என்னுடையதுதான், அதை யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் உங்கள் விதிகள் எப்படி அமைந்திருந்தன என்று பாருங்கள். உண்மையைச் சொன்னால் எல்லாப் பணமும் போகும், மறைத்தால் விடுமுறை கிடைக்கும். நோய் பரவும் காலத்தில் இதைவிட ஆபத்தான ஏற்பாடு இருக்க முடியுமா? எத்தனை லட்சம் குடும்பங்கள் அந்த இரவில் உட்கார்ந்திருக்கும், அதில் எத்தனை பேர் என்னைப் போலவே அந்தக் கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள்?

அந்த 72 மணி நேர விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவின் முதல் வடிவத்தில், தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து நாள், சிலருக்குப் பதினான்கு நாள் வரை ஆகும் என்பது 2020-லேயே தெரிந்த விஷயம். நெகட்டிவ் என்றால் மாதிரி எடுத்த அந்த நேரத்தில் கிருமி அகப்படவில்லை என்றுதான் பொருள். நாங்களோ அதைப் பயணம் முழுக்கச் செல்லும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டோம், அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்படி அது எங்களிடம் நீட்டப்பட்டது. விமானத்தின் காற்று வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் என்று விளம்பரம் வந்தது. அது உண்மைதான். ஆனால் பாஸ்போர்ட் வரிசையிலும், விமானத்துக்கு அழைத்துப்போகும் பேருந்திலும், ஓட்டல் லிஃப்டிலும் அந்த வடிகட்டி இல்லையே. இதைச் சொல்ல வேண்டியது விளம்பரக்காரர் இல்லை, நீங்கள்.

நிறங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டன் 2021 மே 17 முதல் நாடுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. அன்று போர்ச்சுகல் பச்சை. ஜனங்கள் நம்பி டிக்கெட் போட்டுக் கிளம்பினார்கள். ஜூன் 3 அன்று, அதை மஞ்சளுக்கு மாற்றுகிறோம், ஜூன் 8 விடிகாலை 4 மணி முதல் வருகிறவர்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்று அறிவிப்பு. அதற்கு முந்தைய வருஷம் இதைவிட மோசம். 2020 ஜூலை 25 மாலை அறிவித்து, அன்று நள்ளிரவு முதலே ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களுக்குப் பதினான்கு நாள் தனிமை என்றார்கள். அந்த நாட்டின் போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸே அப்போது குடும்பத்தோடு ஸ்பெயினுக்கு விடுமுறை போயிருந்தார், அவரும் திரும்பி வந்து தனிமையில் இருக்க வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. துறைக்குப் பொறுப்பான அமைச்சருக்கே இதுதான் நிலை என்றால், ஆறு மாதம் முன்பே பணம் கட்டிய ஒரு சாதாரணக் குடும்பம் எதை வைத்து முடிவெடுக்கும்? நிலைமை மாறினால் நிறம் மாறத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. என்ன எண்ணிக்கை தாண்டினால் மாறும், இப்போது அது எந்த இடத்தில் நிற்கிறது, எதனால் மாற்றினோம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்திருந்தால், போவதற்கு முன்பே நாங்கள் ஒரு கணக்குப் போட்டிருப்போம்.

இன்னொன்றையும் கவனித்தேன். எந்த நாட்டுப் பட்டியலாக இருந்தாலும், போகிறவருக்கு என்ன ஆபத்து, திரும்பி வரும்போது அவர் எதைக் கொண்டுவருவார் என்ற இரண்டைத்தான் பார்த்தது. போகிற இடத்துக்கு நாம் எதைக் கொண்டுபோகிறோம் என்ற கேள்வி எங்கேயும் பெரிதாக இல்லை. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பலை, பசிபிக் கடலில் உள்ள மேற்கு சமோவா தீவுகளின் ஆப்பியா துறைமுகத்தில் தனிமைப்படுத்தாமல் கரைசேர விட்டார்கள். அதில் இன்ஃப்ளுயன்சா நோயாளிகள் இருந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அங்கே வாழ்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைக் கடுமையாகத் தடுத்தார், அங்கே ஒருவரும் அந்த நோயில் சாகவில்லை. இந்தக் கதையை ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். படிக்கும்போது துண்டில் மடித்த அந்த அன்னப் பறவை கண் முன்னால் வந்து நின்றது.

அதற்காக எல்லாக் கதவையும் சாத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 2019-இல் உலகெங்கும் ஏறக்குறைய 150 கோடியாக இருந்த வெளிநாட்டுச் சுற்றுலா வருகை, 2020-இல் சுமார் 40 கோடியாக விழுந்தது. அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை லட்சம் பேருடைய வேலையும் வாடகையும் அடக்கம் என்று யோசியுங்கள். எங்கள் அறையைச் சுத்தம் செய்த பெண்ணுக்கு நோயும் வேண்டாம், வேலை போகவும் வேண்டாம். மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்றே பயணிகளுக்குத் திறந்ததென்றால், அந்த நாட்டுக்குச் சுற்றுலாவைத் தவிரப் பெரிதாக வேறு வருமானம் இல்லை என்பதும் ஒரு காரணம். விடுமுறையையும், சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்கப் போகிறதையும் ஒரே தட்டில் வைத்துத் தடுப்பதும் நியாயமில்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் கடைசி வரை, தன் மக்கள் விலக்கு அனுமதி இல்லாமல் வெளியே போகவே முடியாது என்று வைத்திருந்தது. சாவுக்குக்கூடப் போய்ச் சேர முடியாமல் தவித்தவர்கள் இருந்தார்கள்.

திறப்பது மூடுவது இரண்டையும் விட, உண்மையைச் சொல்கிறவருக்கு நஷ்டம் வராமல் பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாடுகள் விஷயத்திலும் இதேதான் நடந்தது. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா புதிய வகைக் கிருமி ஒன்றைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டு நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது, அதற்குள்ளாகவே தென்னாப்பிரிக்காவுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் விமானங்களை ஒவ்வொரு நாடாக நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்று எடுத்த மாதிரியிலேயே அது இருந்திருக்கிறது. கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அடி, சொல்லாமல் இருந்தவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்திரியாவின் இஷ்கில் பனிச்சறுக்கு ஊரில் நடந்ததோ இதற்கு மறுபக்கம். அங்கிருந்து திரும்பியவர்களுக்கு நோய் இருக்கிறது என்று 2020 மார்ச் 5 அன்று ஐஸ்லாந்து எச்சரித்தும், உடனே ஊரை மூட மனம் வரவில்லை. பருவம் நடந்துகொண்டிருந்தது, பணம் வந்துகொண்டிருந்தது. அங்கே விடுமுறைக்கு வந்தவர்கள் நோயைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஏஜென்சிக்குப் போன் போட்ட அந்த மாலையில் நான் போட்டதும் இதே கணக்குதான், தொகைதான் சின்னது.

இப்போதிருக்கும் சட்டங்கள் அந்த இரவுக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி விமான நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் ஏழு நாளில் பணம் திரும்ப வர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் விமானம் கிளம்பி, பயணி தானாக நின்றுவிட்டால் அது கைகொடுக்காது. பெருந்தொற்றில் ஆபத்தான விமானம் அந்தக் கிளம்புகிற விமானம்தானே? தேதி மாற்றக் கட்டணம் வாங்காமல் இருப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், 2020 ஆகஸ்ட் கடைசியில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் உள்நாட்டு டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டணத்தை அடுத்தடுத்து எடுத்துவிட்டதை நினைத்துப் பாருங்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலே செய்தார்கள். நீங்கள் சட்டமாக்கினால் இன்னும் எவ்வளவு நடக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அவசரநிலை அறிவித்த நாளிலிருந்து அது முடியும் வரை, அறிகுறி இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடுகிற எவருக்கும், டாக்டர் சான்றிதழ், பாசிட்டிவ் ரிசல்ட் என்று இழுத்தடிக்காமல், டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டிய பணம் திரும்ப வர வேண்டும், குறைந்தது வேறு தேதிக்காவது மாறவேண்டும். சிலர் பொய் சொல்லி இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள்தான். சும்மா மனம் மாறியவர் தொண்டை வலி என்று சொல்லி வீட்டில் இருந்தால் யாருக்கும் நோய் வராது. தொண்டை வலி உள்ளவர் இல்லை என்று சொல்லி விமானம் ஏறினால் வரும். இரண்டில் எந்தப் பொய்யைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தச் செலவை முழுக்க விமான நிறுவனங்கள் மேல் சுமத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை, பெருந்தொற்றுக்கென்று அரசு ஒதுக்குகிற பணத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

கூடவே, 'அனுமதி உண்டு' என்று எழுதுகிற அதே பக்கத்தில், போகிற இடத்தில் தீவிர சிகிச்சைப் படுக்கை எத்தனை காலி, அங்கே நோய் வந்தால் எங்கே தங்க வைப்பார்கள், செலவு யாருடையது, திரும்பி வர எத்தனை நாள் ஆகலாம் என்பதையும் போடுங்கள். படகில்தான் கொண்டுபோக வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் இன்னும் ஒரு முறை யோசித்திருப்பேன் என்று நம்புகிறேன்.

கடைசியாக அந்தப் படிவம். அடுத்த முறையும் அதே கேள்வியைக் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். 'ஆம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்: 'இங்கே குறியிட்டால் உங்கள் பணம் முழுவதும் திரும்ப வரும், இந்தத் தாளைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.'

இப்படிக்கு,
'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்ட ஒரு தாய்