பின் சீட்டில் ஏறிப் பார்த்தாயா, கண்ணு?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். "ஸ்விஃப்ட்டைக் கொடுத்துட்டு வி-கிராஸ் எடுக்கலாம்னு இருக்கேன்மா" என்று சொன்னாய். நான் வாயெடுப்பதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். இன்றைக்குப் பதினோரு நாள் ஆச்சு. நேரில் கேட்டால் கோபம் வருகிறது உனக்கு. எழுதினால் ஆற அமரப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

வண்டியை நான் குறை சொல்லவில்லை. இசுசூக்காரன் 2016-லிருந்து ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் போடுகிற பிக்கப், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. 1.9 லிட்டர் டீசல், 163 பி.எஸ். குதிரைசக்தி. அடிச்சட்டமான சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. டொயோட்டாக்காரனின் பிக்கப் ஹைலக்ஸ் 2022-ல் வந்தது, அதில் 2.8 லிட்டர், இழுவை இன்னும் அதிகம், விலையும் அதிகம். இரண்டுமே தோட்டத்துப் பாதையில் உரமூட்டையோடு ஏறி இறங்கப் பிறந்தவை. உன் அப்பா இருந்திருந்தால் சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு உடனே சரி என்றிருப்பார். ஆனால் மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் ஒற்றை ஆளாகப் போய்வர எதற்கு அது? ஒற்றை ஆள் என்று எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. உன் அபார்ட்மெண்டில் பார்க்கிங் சட்டப்படி விட்டிருந்தால் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம்தான் இருக்கும். வி-கிராஸ் 5.3 மீட்டர். மூக்கோ வாலோ ஒரு அடி வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுப்பார், இரண்டு நாள் பொறுப்பார். அகலம் 1.86 என்று புத்தகத்தில் போட்டிருப்பது கண்ணாடியைச் சேர்க்காமல். சாக்பீஸால் தரையில் 5.3-க்கு 2.1 கட்டம் போடு. ஓட்டுநர் பக்கம் கதவு திறந்து இறங்க 60 சென்டிமீட்டராவது மிஞ்சுகிறதா, தூண் எங்கே வருகிறது என்று பார். ஆபீசில் அடுக்குப் பார்க்கிங் என்றால் அதன் பலகையில் நீளம், உயரம், எடை மூன்றும் எழுதியிருப்பார்கள். அதைப் போட்டோ எடு. பல இடங்களில் நீளத்திலேயே அடிபட்டுவிடும்.

திருப்பம் இன்னொன்று. அதன் திரும்பும் ஆரம் 6.3 மீட்டர். அப்படியென்றால் யூ டர்ன் போட கிட்டத்தட்ட 13 மீட்டர் ரோடு வேண்டும். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்துப் பாதி ரோடுதான் கிடைக்கிற இடங்களில் ஒரே வீச்சில் திரும்பாது. ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

எண்ணெய்ச் செலவு நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. போக வர 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள், மொத்தம் 880. நெரிசலில் பிக்கப் லிட்டருக்கு 10 கொடுத்தால் 88 லிட்டர் டீசல். ஸ்விஃப்ட் 14 கொடுத்தால் 63 லிட்டர் பெட்ரோல். டீசல் 92, பெட்ரோல் 101 என்று போட்டாலும் மாதம் 1,700 ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம். 255/60 ஆர் 18 என்ற அந்தப் பெரிய டயர் நாலு மாற்றும்போதுதான் செலவு தெரியும்.

நான் பயப்படுவது டி.பி.எஃப்-க்கு. பி.எஸ்.6 புகை விதிப்படி வருகிற டீசல் வண்டியில் சைலன்சர் வழியில் இந்த டி.பி.எஃப். என்கிற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். அந்தக் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு வர, 60-க்கு மேல் நிதானமாக இருபது நிமிஷமாவது நிற்காமல் ஓட வேண்டும். சோழிங்கநல்லூர் சிக்னலில் அது எங்கே நடக்கும்? எரிக்க ஆரம்பித்த நேரத்தில் நீ வண்டியை அணைத்தால், சூடேற்ற என்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் அதுதான் காரணம். ஆயில் கூடுகிறதே என்று சந்தோஷப்படாதே, நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பு. ஆயில், சாம்பல் குறைந்த வகையாக, புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே ஊற்ற வேண்டும். செங்கல்பட்டு வரை போய்விட்டால் அப்படியே நாமக்கல்லுக்கும் வரலாம். பொங்கலுக்கு வந்தவன் நீ.

பின் ஆக்சிலில் வண்டியைத் தாங்கும் கமான் பட்டை பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நம் கடையில் பட்டைக் கட்டுகள் மேல் படுத்துத் தூங்கிய பிள்ளை. இருந்தாலும் சொல்கிறேன். பின்னால் பட்டை போட்ட வண்டி பாரத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. காலியாக ஓடினால் பட்டை வளையாது, வண்டிதான் துள்ளும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் முன் சீட்டில் இருப்பவனுக்குப் பாதி தெரியும், பின் சீட்டில் இருப்பவர்களுக்கு முழுசாகத் தெரியும். இரண்டு வழி இருக்கிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, பாரமில்லாத நேரத்துக்கு உரிய காற்றை மட்டும் பிடி. பெட்ரோல் பங்க் பையன் பாரக் கணக்குக்கு ஏற்றிவிடுவான். அடுத்தது, 50 கிலோ மணல் மூட்டை இரண்டைப் பின் தொட்டியில் ஆக்சிலுக்கு நேராகப் படுக்க வைத்துக் கட்டு. அவிழ்ந்து உருண்டால் ஆபத்து. எவனாவது, "ஒரு பட்டையைக் கழட்டிடலாம் சார், மெத்துனு இருக்கும்" என்றால் விடாதே. கழட்டின பிறகு ஒரு நாள் பாரம் ஏற்றினால் பட்டை நேராகி அதற்கும் கீழே போகும், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும். பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட்டை முதல் 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல். கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தால் பட்டை நுனியில் இருக்கும் ஷாக்கிள் புஷ்தான் காரணம்.

மழையில் பின் பக்கம் காலியாக இருந்தால் வழுக்கும், திருப்பத்தில் ஆக்சிலேட்டரை நிதானமாகக் கொடு. நான்கு சக்கர இழுவையைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதே, கியர் பெட்டியும் ஜாயிண்டும் முறுக்கிக்கொள்ளும்.

இந்த வண்டியின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீரில் நின்றதே. அந்த மாதிரி நாளில் உயரம் உதவும். ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் முழுகிய தண்ணீரில் போய் வந்தால், மறுநாளே ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் ஆக்சில் மூச்சுவிடுகிற பிரீத்தர் வழியே தண்ணீர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். வருஷத்தில் நாலு நாளுக்காக மற்ற நாளெல்லாம் 5.3 மீட்டரை ஓட்டுவதா என்று நீயே யோசி. தேங்காய் ஏற்ற வேண்டுமானால் நம் தோட்டத்துக்கு வாடகை டாட்டா ஏஸ் வருகிறது.

எடுத்தே தீருவது என்றால் வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவாகிற மாடலாகப் பார். சரக்கு வண்டியாகப் பதிவாவதை விலை மலிவு என்று எடுத்தால் மஞ்சள் போர்டு, எஃப்.சி., வரி எல்லாம் வேறு. தொட்டிக்கு மேலே மூடி போடுவதானால், போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேள். ஆர்.சி.யில் இருப்பதை மாற்றினால் இன்ஷூரன்சில் மடக்குவார்கள்.

பின் சீட்டில் நீயே ஏறி உட்கார்ந்து பார். முன் சீட்டிலிருந்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதே. பாப்பா சீட்டை மாட்ட ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கிறதா என்று மெத்தை இடுக்கில் கைவிட்டுப் பார். மூன்று வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலையோடு ஒருத்தி அந்த உயரத்துக்கு ஏற முடியுமா என்று பார். படி வைத்தால் ஏறலாம், பிடித்து ஏறக் கைப்பிடி இருக்க வேண்டும்.

யார் ஏறப் போகிறார்கள் என்று நீ கேட்பாய். அதைத்தான் இத்தனை பக்கமாக நான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஸ்விஃப்ட்டின் ஆர்.சி. சுதா பேரில் இருக்கிறது. விற்க வேண்டுமானால் படிவம் 29, 30 இரண்டிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். ஈரோட்டில் அவள் பிறந்த வீட்டுக்கு அந்தத் தாளை அனுப்பினாயா? அனுப்பியிருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? பொங்கலன்று உன் சித்திமார் முன்னால், "சீர் காரை ஓட்டுறதுக்குத்தான் என் பையன் படிச்சானா" என்று நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், ஆனால் மனசில் இருந்ததைத்தான் சொன்னேன். அவள் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். பின்னாலேயே போயிருக்க வேண்டும், போகவில்லை. அவள் தகப்பனார் ரிடையர்மெண்ட் பணத்தில் வாங்கிக் கொடுத்த வண்டி அது. நான் சொன்ன சொல்லைத் துடைக்க நீ இருபது முப்பது லட்சம் கடன் வாங்கி ஒரு லாரி மாதிரி வண்டியை எடுக்கிறாய். உனக்கு அந்த வண்டி மேல் ஆசை இருந்தால் பரவாயில்லை, கண்ணு. என் வாயால் வந்த ஆசையாக இருந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஈரோடு போகிறேன். சம்பந்தியிடம் பேச ஒன்றும் இல்லை, சுதாவிடம்தான் பேச வேண்டும். அவள் பேசாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். நீ முன்கூட்டியே போன் செய்து எதுவும் சொல்லி வைக்காதே. டெஸ்ட் டிரைவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடு. அவள் வந்தால் இரண்டு பேருமாகக் காலை எட்டரை மணிக்கு சிறுசேரி வரை ஓட்டிப் பாருங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தால் எதுவும் தெரியாது.

ஸ்விஃப்ட் பொங்கலிலிருந்து பார்க்கிங்கிலேயே நிற்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். வாரம் ஒரு தடவை அரைமணி நேரமாவது ஓட்டு. ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துவிடும், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிடும். 32-க்குக் காற்றுப் பிடி. பாப்பா சீட்டை அதிலிருந்து கழட்டாதே.

அம்மா