விடியும்போதே தொடங்கிவிடும் பதற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் பலர் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளை மடுவம் எனும் தோட்டக் காப்பகத்தில் விட்டு, காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்கு விரைந்தும், இன்றும் பிந்திவிட்டோம் என்ற பதற்றத்துடனேயே மலையேறுகிறார்கள். இவர்களுக்குச் சுறுசுறுப்புப் போதாது என்று பேசுவோரைக் கேட்க எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

ஒரு வேலைக்குத் தேவையான நேரத்தை மனிதர்கள் இயல்பாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதை டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். ஆகவே, மறுநாள் வேலைகளை முதல்நாள் இரவே எண்ணிப் பார்த்து, கட்டாயமானவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்கு நாம் நினைப்பதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குவது மனப்பாரத்தைப் பெரிதும் குறைக்கும். விறகு அடுக்குவது ஞாயிறுவரை பொறுக்கும். பிள்ளையின் இருமல் பொறுக்காது.

ஆயினும் பெண் மட்டும் திட்டமிட்டுப் பயனில்லை. மாலைக் கொழுந்து நிறுவை முடிந்து அவள் தன் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பும்போது, தண்ணீர் எடுப்பதையும் பிள்ளையின் பாடம் பார்ப்பதையும் கணவன் ஏற்றிருக்க வேண்டும். தோட்டத் தலைவர்களும் கோயில் கமிட்டியினரும் இதைத் தங்கள் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.