கோரையாற்று அண்ணனுக்கு நன்றி

போன தை மாதம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போயிருந்தோம். ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாறு வழியாகக் கழிமுகம் பக்கம் போகிற வழியில் என்ஜின் நின்றுவிட்டது. நீர் வற்றுகிற நேரம் வேறு. இரு கரையிலும் பென்சிலை நட்டுவைத்தது மாதிரி அலையாத்தியின் சுவாச வேர்கள். இறங்கினால் முழங்கால் வரை சேறு.

அப்போதுதான் சின்னப் படகில் நண்டு வலையோடு வந்தீர்கள். கயிற்றைக் கட்டி, கழியை ஊன்றி ஊன்றி எங்களை இழுத்துப் போனீர்கள். "அந்த டப டப சத்தத்துக்கு எந்தக் குருவி தம்பி உட்காரும்?" என்றீர்கள். நியாயமான கேள்வி!

ஒரு வளைவில் கழியைச் சேற்றில் அழுத்திப் படகை அசையாமல் நிறுத்தி, கண்ணாலேயே காட்டினீர்கள். கருந்தொப்பி மீன்கொத்தி. பவழச் சிவப்பில் அலகு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, ஊதா கலந்த நீல முதுகு. குளிர்காலத்தில் மட்டும் வருகிற இந்தப் பறவைக்காக மூன்று வருடம் அலைந்திருக்கிறேன். கை நடுங்கியதில் முதல் ஐந்து படமும் மங்கல். ஆறாவது தேறிவிட்டது.

பணத்தைக் கையால் தொடவே இல்லை. பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

நீங்கள் கழியோடு நிற்கிற படம் ஒன்றும் இருக்கிறது, அண்ணே. பெரிதாகப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன். மார்கழியில் கொண்டுவருகிறேன்.