மழை நாளில் செடி வாங்கப் போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

சனிக்கிழமை மழை பெய்தால் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் நர்சரிக்குப் போவதைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், போய் வா. வெயில் நாளில் காலையில் தண்ணீர் தெளித்து வைத்த எல்லாச் செடியும் பளபளப்பாகத்தான் தெரியும். தொட்டியின் குறை மழையில்தான் வெளியே வரும்.

முதலில் சாலை. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை குறுக்குவழிதான், ஆனால் வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. சரிவிலிருந்து செம்மண் கலங்கிய தண்ணீர் சாலையில் இறங்கினால் மேலே மண் இளகுகிறது. அங்கேயே காரைத் திருப்பிவிடு. இன்னொரு வழியான தெலுக் கும்பார் சாலையிலும் ஏற்றம் உண்டு என்பதால், எப்படிப் போனாலும் பிற்பகல் இடிமழைக்கு முன் வீடு திரும்பும்படி காலையிலேயே கிளம்பு. வயல்பக்கச் சாலைகள் குறுகல், ஓரத்திலேயே வாய்க்கால். நீர் நிரம்பிவிட்டால் தார் எங்கே முடிகிறது என்று தெரியாது. எதிரே லாரி வந்தால் நின்று வழிவிடு, ஓரம் இறக்காதே.

நர்சரியில் இலையைப் பார்க்கும் முன் மண்ணைப் பார். மேலே தண்ணீர் குளமாக நிற்கிறதென்றால் ஒன்று களிமண்ணை அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள், இல்லையென்றால் வேர் சுருண்டு அடி ஓட்டையை அடைத்திருக்கிறது. தொட்டியைத் தூக்கி அடியில் பார்: வெள்ளை வேர்நுனி தெரிந்தால் நல்லது. பழுப்பு வேர் கயிறு போலச் சுற்றிக் கிடந்தாலோ அழுகல் வாடை வந்தாலோ வேறு செடி எடு. நத்தையும் மழையில்தான் வெளியே வரும். கன்று நிற்கும் பாலிபேக்கின் (பிளாஸ்டிக் பை) மடிப்பையும் விரித்துப் பார்.

நீ கேட்ட கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே வீட்டில் வளரும்போது கவனம் வேண்டும். எலுமிச்சையைப் பாழாக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் குடியிருக்கும். கறிவேப்பிலைக்கு அந்த நோயால் பெரிய கெடுதல் இல்லை. எலுமிச்சை தப்பாது, வந்தபின் மருந்தும் இல்லை. கொழுந்தை விரலால் விரித்துப் பார். மூன்று மில்லிமீட்டர் பழுப்புப் பூச்சி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழைகளை விட்டிருக்கும். எலுமிச்சை இலையில் நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் திட்டு ஒரே மாதிரி இல்லாமல் தாறுமாறாக இருந்தால் அந்தச் செடி வேண்டாம். இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் பெரும்பாலும் சத்துக்குறைதான், சரிசெய்யலாம்.

கறிவேப்பிலையைத் தண்டின் அடியில் பிடித்து மெல்ல அசைத்துப் பார். தாய்மரத்தடியில் முளைத்த பக்கக்கன்றை நேற்றுப் பிடுங்கிப் பையில் குத்தியிருந்தால் லொடலொடவென்று ஆடும். ஒரு வாரத்தில் இலை கொட்டும்.

ஜாதிக்காய்க் கன்று மலிவாக இருக்கிறதே என்று ஆசைப்படாதே. அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையில் வந்தது எது என்று பூக்கும்வரை தெரியாது, அதற்கே ஐந்தாறு வருடம் ஆகும். வாங்கினால் பெண்மரத்து ஒட்டுச்செடியாகக் கேட்டு வாங்கு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு அந்த மரம் பெரிது என்பதுதான் என் எண்ணம்.

ஏற்றும்போது கவனம்: 30 சென்டிமீட்டர் தொட்டி நனைந்த மண்ணோடு 15 கிலோவைத் தாண்டும். தண்டைப் பிடித்துத் தூக்காதே, வேர்க்கட்டி உடையும். காருக்குள் பிளாஸ்டிக் விரித்து, தொட்டிகளை இடைவெளியில்லாமல் நெருக்கி வை. பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் மழை நாளிலும் காற்று கொழுந்தை உலர்த்திவிடும். ஏசி காற்றும் நேராகப் படவேண்டாம்.

வாங்குவதற்குத்தான் மழை நாள். நடுவதற்கு அல்ல. ஈரக் களியில் குழி வெட்டினால் மண்வெட்டி பட்ட சுவர் வழவழப்பாகி நீரும் வேரும் புகாமல் அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்து. உதிர்ந்தால் நடலாம், பிசைந்த மாவாக ஒட்டினால் பொறு. அதுவரை புதுச்செடிகளைப் பழையவற்றிலிருந்து தள்ளி, பத்து நாளாவது நிழலில் வை. குழி பையைப் போல இருமடங்கு அகலம், ஆழம் பையின் அளவே. ஒட்டுச்செடி என்றால் ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடு. உரம் இரண்டு மூன்று வாரம் கழித்து, புதுத்துளிர் வந்தபின் போடு.

அன்புடன்,
அக்கா